யாரிடம் சிபாரிசு கேட்பது?



உயர்தரத்தோடு பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிடும் வழக்கம் நம் மலையகத்தில் மெல்ல மாறி வருகிறது. பட்டம் பெற்று, சில வருடங்கள் தொழிலும் பார்த்த பிள்ளைகள் எம்.பி.ஏ. எனப்படும் வணிக நிர்வாக முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். பெண்பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். கொழும்பில் 1986 இல் நிறுவப்பட்ட பட்டப்பின் முகாமைத்துவ நிறுவகம் போன்றவை இப்படிப்பை உள்நாட்டிலேயே நடத்துகின்றன. வெளிநாட்டுக் கல்லூரிகளை நாடுவோரும் உண்டு. சிபாரிசுக் கடிதம் கேட்கப்படும்போதுதான் வீட்டில் குழப்பம் தொடங்குகிறது.

பொல்பிட்டியவிலிருந்து கினிகத்தேனைக்குப் பஸ்ஸில் சென்று வங்கியொன்றில் வேலை பார்க்கும் மகள் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். "மின் நிலையத்துப் பெரிய எஞ்சினியர் வாப்பாவுக்குப் பழக்கமானவர், அவரிடம் வாங்குவோம்" என்பார் நானா. "பள்ளிவாசல் தலைவர் ஒரு சமாதான நீதவானாயிற்றே, அவருடைய முத்திரை போதாதா?" என்பார் உம்மா. எம்.பி.யிடமே போகலாம் என்பார் மாமா. எல்லோரும் அவள் நன்மைக்காகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இவர்களில் ஒருவராவது அவள் வேலை செய்வதைப் பார்த்தவரா?

கல்லூரிகள் கேட்பதைப் பாருங்கள். ஜிமேட் பரீட்சையை நடத்தும் அமைப்பு வகுத்த பொதுச் சிபாரிசுப் படிவத்தைப் பல கல்லூரிகள் ஏற்றுள்ளன. விண்ணப்பதாரரை எந்த வகையில் அறிவீர்கள், அவரைப் போன்ற பொறுப்பில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர் எப்படி, நீங்கள் அவருக்குச் சொன்ன திருத்தம் என்ன, அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்றெல்லாம் உதாரணங்களோடு எழுதும்படி அது கேட்கிறது. எம்.பி. இதற்கு என்ன பதில் எழுத முடியும்? "நல்ல குடும்பத்துப் பிள்ளை, ஒழுக்கமானவர்" என்று நான்கு வரி எழுதலாம். அது தெரிவுக் குழுவுக்கு எதையும் சொல்வதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் வணிகக் கல்லூரி இரண்டு கடிதங்கள் கேட்கிறது. அவற்றில் ஒன்று இப்போதைய நேரடி மேலதிகாரியுடையதாகவோ, அது இயலாவிட்டால் அடுத்த பொருத்தமானவருடையதாகவோ இருக்க வேண்டும்.

இது நமக்குப் புதிய விடயமல்ல. கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் இன்னொருவரை நல்லவர் என்று பரிந்துரைத்த நிகழ்ச்சியை அறிவீர்கள். அவருடைய அண்டை வீட்டில் வாழ்ந்தாயா, அவரோடு பிரயாணம் செய்தாயா, கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தாயா என்று கலீஃபா வினவினார்கள். மூன்றுக்கும் இல்லை என்றபோது, உனக்கு அவரைத் தெரியாது என்று கூறி, தெரிந்தவரை அழைத்து வரச் சொன்னார்கள். தந்தை மகனுக்காகச் சொல்லும் சாட்சியையும் இமாம்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

ஆகவே அந்த மகளுக்கு ஏற்றவர், அன்றாடம் அவளிடம் வேலை வாங்கும் கிளை முகாமையாளரே. மேற்படிப்புக்குப் போவது தெரிந்தால் அவர் முகம் சுளிப்பார் என்ற அச்சம் இருந்தால், முன்பு மேற்பார்வை செய்து இடமாற்றமாகிப் போனவரைக் கேட்கலாம். ஆண் அதிகாரியிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படவும் வேண்டாம். அலுவலக நேரத்தில், அலுவலக விடயமாக முறையாகக் கேட்பதில் தவறேதுமில்லை.

குடும்பக் கடையில் கணக்குவழக்குப் பார்க்கும் பெண்களும் இருக்கிறார்கள். வாப்பாவோ கணவரோ சிபாரிசு எழுதினால் எடுபடாது. கடைக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரி, வருடக் கணக்கைப் பார்க்கும் கணக்காளர், மாதர் சங்கத்தில் அவரோடு பொறுப்பில் இருந்தவர் ஆகியோர் எழுதலாம்.

இன்னொரு விடயத்திலும் கவனம் தேவை. "நீயே எழுதிக்கொண்டு வா, கையொப்பம் போடுகிறேன்" என்று சொல்லும் அதிகாரிகள் உண்டு. அதற்கு இணங்க வேண்டாம். பிறர் பெயரில் தன்னைத் தானே புகழ்ந்து எழுதுவது பொய்ச் சாட்சிக்கு ஒப்பானது. கல்லூரிகளும் இதை ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக, தான் செய்த முக்கியமான வேலைகளை ஒரு தாளில் குறித்து, கடைசித் திகதிக்கு இரண்டு மாதம் முன்பே அவரிடம் கொடுக்கலாம். அவருடைய ஆங்கிலம் எளிமையாக இருந்தால் பாதகமில்லை. கடன் கேட்டு வந்த தோட்டத் தொழிலாளிக்கு அவள் எப்படிப் பொறுமையாகப் படிவத்தை விளக்கினாள் என்று கண்ணால் கண்டவர் எழுதும் இரண்டு வரிக்குப் பெறுமதி அதிகம். கேட்டதும் தயங்குகிறவரை வற்புறுத்தாமல் வேறொருவரை நாடுவதே நல்லது.

தாய்மார்களே! "எம்.பி. வேண்டாம் உம்மா, எங்கள் மெனேஜரிடமே கேட்கிறேன்" என்று உங்கள் மகள் சொன்னால் தடுக்காதீர்கள். அவளை அறிந்தவரிடமே அவள் போகட்டும்.