மூன்று இறக்கை, பத்து சென்டிமீட்டர்

முதல் உலகப் போரில் பறந்த ஜெர்மானிய ஃபாக்கர் போர் விமானம் ஒன்றுக்கு, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று இறக்கைகள். சிவப்பு விமானத்தால் பெயர்பெற்ற ஜெர்மானிய விமானி மன்ஃபிரெட் ஃபான் ரிக்டோஃபன் 1918 ஏப்ரல் 21 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டபோது ஓட்டிவந்ததும் இந்த ரகம்தான். மேல் இறக்கை, நுனிக்கு நுனி 7 மீட்டருக்குச் சற்று மேல். பிளாஸ்டிக் மாதிரி விமானம் செய்ய அதை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் பத்தே சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஏன் 72? ஆறடி ஆள் சரியாக ஓர் அங்குலம் ஆகிவிடுவார், அதுதான் கணக்கு.

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டுவது பெரிய வேலையில்லை. சோதனை, கம்பிகளில்தான். பிரிட்டனின் சாப்வித் கேமல் போன்ற இரட்டை இறக்கை விமானங்களை விறைப்பாக நிறுத்தியவை, குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய கம்பிகள். மாதிரியில் அதற்குத் தையல் நூல்கூடத் தடிமன்; போதாக்குறைக்குப் பிசிறடிக்கும். ஆகவே, பாகங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, தீயில் படாமல் உருட்டிக்கொண்டே காட்டுவார்கள். பளபளத்துத் தொய்ந்ததும் வெளியே எடுத்து இரு கையாலும் நிதானமாக இழுத்தால், தலைமுடி போல இழை நீளும். அதை வெட்டி, இடுக்கியால் பிடித்து, துளி பசையில் ஒட்ட வேண்டும். தும்மல் வந்தால் தொலைந்தோம்!

ஃபாக்கரில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை; அங்கே வண்ணம்தான் வம்பு. எல்லாமே சிவப்பு என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் பசும்பழுப்பு வண்ணத்தைத் தூரிகைக் கோடு தெரியும்படி இழுத்துப் பூசினார்கள். அதே கோடுகளை, ஏறக்குறைய காய்ந்துபோன தூரிகையால், பத்து சென்டிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டும்.