சிரையறுக்கும் கருவியின் பெயர்

முற்காலத்தில் ஐரோப்பிய நாடுகளில் கால்நடைகளுக்குக் குருதி வடித்தல் ஒரு சிகிச்சை முறையாக இருந்தது. அதற்குரிய கருவியை ஆங்கிலேயர் 'ஃபிளீம்' என்றனர். பிடிக்குச் செங்குத்தாக அமைந்த அதன் சிறு அலகைக் குதிரையின் கழுத்துச் சிரைமேல் வைத்து, குறுந்தடியால் தட்டுவர்.

கிரேக்க மொழியில் 'ஃபிளெப்ஸ்' என்பது சிரையையும், 'தொமே' என்பது அறுத்தலையும் குறிக்கும். இவை இணைந்து பிறந்த சொல் இலத்தீனில் 'ஃபிளெபோடோமஸ்' என வழங்கியது; பின்னர் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து 'ஃபிளீம்' ஆயிற்று.

கருவி வழக்கொழிந்தது, பெயர் ஒழியவில்லை. மணல் ஈக்களின் ஒரு பேரினத்திற்கு அறிவியலார் 'ஃபிளெபோடோமஸ்' என்றே பெயரிட்டனர். அப்பெயர் பொருத்தமானதே. பெண் மணல் ஈ, கொசுவைப்போல் குழாயினுள் ஊசி செலுத்தி உறிஞ்சுவதில்லை; தோலைக் கிழித்து, அங்கு ஊறித் தேங்கும் குருதியை உண்கிறது.

இப்பேரினத்தைச் சேர்ந்த 'அர்ஜென்டிபஸ்' இந்தியாவில் காலா-அசார் என்னும் கருங்காய்ச்சலைப் பரப்புகிறது என்பது 1942-ஆம் ஆண்டில் வெளியான சோதனைகளால் நிறுவப்பெற்றது. சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே உடைய இவ்வீ தண்ணீரில் முட்டையிடுவதில்லை. சுவர் வெடிப்புகளிலும் தொழுவத்தின் ஈரமண்ணிலும் பெருகுகிறது. ஆகவே தேங்கிய நீரை அகற்றுவது மட்டும் போதாது. வெடிப்புகளைப் பூசுதல், தொழுவத்தைத் துப்புரவாக வைத்தல், வீட்டினுள் பூச்சிமருந்து தெளித்தல் ஆகியவையும் இன்றியமையாதன.