ஹண்டிங்டன் நோய்: உடல் ஆடும் முன்னே மனம் வாடும்

நாற்பது வயதில் ஒருவர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், வேலையில் நாட்டமில்லை. சில ஆண்டுகளில் கைகால் தானாக ஆடத் தொடங்கியதும், செய்வினை என்று கோயில் கோயிலாக அலையும் குடும்பங்கள் உண்டு. அது ஹண்டிங்டன் நோயாகவும் இருக்கலாம்.

1872இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஹண்டிங்டன் இந்நோயை விவரித்தபோதே மனக்கலக்கத்தையும் தற்கொலையையும் குறிப்பிட்டார். காரணமான மரபணு 1993இல் தெரிந்தது. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு.

மூளை நரம்பணுக்கள் அழிவதை நிறுத்த இன்னும் மருந்தில்லை. மனச்சோர்வுக்கு உண்டு. "இந்த நோய் வந்தால் யாருக்குத்தான் கவலை இருக்காது" என்று விட்டுவிடுகிறோமே, அங்குதான் பிழை. அந்தச் சோர்வு வெறும் கவலையல்ல. மூளையில் நேரும் மாற்றமே அதைக் கொண்டுவரலாம். செர்ட்ராலின் போன்ற வழக்கமான மாத்திரைகளைத்தான் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். பலன் தெரியச் சில வாரமாகும்.

ஆட்டத்தைக் குறைக்கும் டெட்ராபெனசின் மாத்திரையில் கவனம் தேவை. அது மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கிளறிவிடக்கூடும். புளுவாக்செட்டின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் அதன் வீரியம் உடலில் கூடும். எனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டுக்கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கம்போங் மேடான் மக்கள் முதலில் அரசாங்கக் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். நரம்பியல், மனநலப் பிரிவுகள் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை தொலைவில்லை. பிள்ளைகளின் கல்யாணம் தடைபடும் என்று குடும்ப நோயை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். மனம் தாளாதபோது சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழைக்கலாம்; உயிருக்கு ஆபத்தென்றால் 999.