கிரானைட்டுக்குள் 27 கோடி ஆண்டாக அடைபட்ட துளி: அது சொல்லும் சேதி என்ன?

கிரானைட் கல்லுக்குள்ளே தண்ணீர் இருக்கிறது என்று சொன்னால், "சும்மா கதை விடாதீங்க" என்பார்கள். ஆனால் உண்மையிலேயே இருக்கிறது.

கிரானைட்டில் கண்ணாடித் துண்டு போலச் சாம்பல் நிறத்தில் தெரியும் மணிகள்தான் குவார்ட்ஸ். நம் ஊர் மேட்டுக்காட்டில் வெள்ளையாகக் கிடக்கும் வெங்கச்சாங்கல்லும் இதே கனிமம். அந்த மணிக்குள், தலைமுடியின் தடிமனைவிடச் சின்னதாக, பல கோடி ஆண்டுகளுக்கு முன் அடைபட்ட துளிகள் உண்டு.

எப்படிச் சிக்கின?

பூமிக்கடியில் பாறைக் குழம்பு மெதுவாக ஆறும்போது குவார்ட்ஸ் படிகம் வளர்கிறது. வளரும் பரப்பில் ஒரு சின்னக் குழி விழுந்தால், சுற்றி இருப்பது அதில் தேங்கிவிடும். மேலே படிகம் மூடிக்கொள்ளும். குழம்பே சிக்கினால் அது 'உருகல் உட்பொதிவு'. குழம்பிலிருந்து பிரிந்த சூடான உப்புநீர் சிக்கினால் 'திரவ உட்பொதிவு'.

மலையைப் பார்க்க மைக்ராஸ்கோப்பா?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி, பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். மலையை யாராவது இப்படிப் பார்ப்பாங்களா என்று கேலி செய்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

துளிக்குள் ஒரு குமிழி இருந்தது. சூடாகச் சிக்கிய நீர் ஆறிச் சுருங்கியதால் வந்த இடைவெளி அது. திரும்பச் சூடாக்கினால் நீர் விரிந்து குமிழி மறைய வேண்டும். மறையும்போது உள்ள வெப்பநிலைதான், துளி சிக்கிய நேரத்துச் சூட்டின் குறைந்தபட்ச அளவு. ஆழத்தின் அழுத்தத்தையும் கணக்கில் சேர்த்தால் அது இன்னும் கூடும். கிரானைட் நெருப்பில் பிறந்ததா, நீரில் பிறந்ததா என்ற பழைய சண்டைக்கு, உருகிய குழம்பில் தண்ணீரும் இருந்தது என்று 1858-ல் வெளியான அவரது கட்டுரை பதில் சொன்னது.

உப்பை எப்படி அளக்கிறார்கள்?

துளியை உறையவைத்து, மெல்லச் சூடேற்றுவார்கள். கடைசிப் பனித்துணுக்கு எப்போது கரைகிறது என்பதுதான் கணக்கு. கடல்நீர் அளவு உப்பு என்றால் மைனஸ் 2 டிகிரிக்கு அருகில் கரையும். சாப்பாட்டு உப்பு 23 சதவீதம் இருந்தால் மைனஸ் 21 வரை போகும். அதற்கும் மேல் போய் நீரில் கரையாமல் மிஞ்சினால், உப்பே குட்டிக் கனசதுரமாகத் துளிக்குள் உட்கார்ந்திருக்கும்.

உருகல் துளி இவ்வளவு சுலபமில்லை. மெதுவாக ஆறியதால் அது பொடிப் படிகங்களாகிவிட்டிருக்கும். அதை மறுபடி உருக்க வேண்டும். சும்மா சூடாக்கினால் உள்ளிருக்கும் நீராவி படிகத்தையே வெடிக்கவைக்கும். அதனால் அழுத்தக் கலத்துக்குள் வைத்து உருக்கி, சட்டென்று குளிரவைத்துக் கண்ணாடியாக்குகிறார்கள். பிறகு லேசரால் சுரண்டி, எந்த உலோகம் எவ்வளவு என்று அளக்கிறார்கள்.

இதனால் என்ன பயன்?

தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வாலைப் பாருங்கள். அங்குள்ள கிரானைட்டுகள் ஏறக்குறைய 27 முதல் 29 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. பல நூற்றாண்டுகளாக வெள்ளீயம் தோண்டப்பட்ட பகுதி அது. நம்ம வீட்டில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் இதே உலோகம்தான். குழம்பில் கொஞ்சமாகக் கலந்திருந்த வெள்ளீயத்தைச் சூடான உப்புநீர் கரைத்து, விரிசல்கள் வழியே கொண்டுபோய்ப் படியவைத்தது. உருகல் துளி, குழம்பில் எவ்வளவு உலோகம் இருந்தது என்று சொல்லும். திரவத் துளி, அதில் எவ்வளவு நீரோடு போனது என்று சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், எந்தக் கிரானைட்டைச் சுற்றித் தாது தேடலாம், எதை விட்டுவிடலாம் என்று புரியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லாத் துளியும் படிகம் பிறந்தபோது சிக்கியதல்ல. பின்னாளில் கல் விரிந்து, வேறு நீர் புகுந்து, விரிசல் மூடிக்கொண்டதும் உண்டு. அப்படிப்பட்ட துளிகள் பழைய விரிசலின் தடத்தில் வரிசையாக நிற்கும். அதைக் கவனிக்காமல் அளந்தால் வெப்பநிலையும் தப்பு, உப்பும் தப்பு. அதை நம்பித் துளையிட்டால் செலவு வீண்.

அதனால்தான் ஆய்வகத்தில் சூடாக்கும் கருவியைத் தொடுவதற்கு முன், ஆய்வாளர்கள் மைக்ராஸ்கோப் முன் பல மணி நேரம் உட்காருகிறார்கள். முதலில் தெரிய வேண்டியது துளியின் சூடு அல்ல, அது எப்போது சிக்கியது என்பதுதான்.