தீயை அணைத்த நுரை, பாலைக் கெடுத்தது!

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், குளோவிஸ் நகரை ஒட்டி ஒரு பால் பண்ணை. பக்கத்திலேயே கேனன் விமானப்படைத் தளம். பண்ணைக் கிணற்று நீரில் ரசாயனம் கலந்திருப்பதாக 2018-ம் ஆண்டு விமானப்படையே தகவல் சொன்னது. மாடுகள் குடித்ததும், தீவனப் பயிருக்குப் பாய்ந்ததும் அதே தண்ணீர். பாலிலும் அந்த ரசாயனம் இருந்தது. தினமும் கறந்து, தினமும் கீழே கொட்டினார்கள். இறைச்சிக்கும் விற்க முடியவில்லை. கடைசியில், 2022-ல் 3,600-க்கும் மேற்பட்ட மாடுகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. கோமாரி இல்லை, வறட்சி இல்லை. காரணம், தீயணைப்பு நுரை!

பெட்ரோல், டீசல் தீயில் தண்ணீர் ஊற்றினால், எரிபொருள் தண்ணீர்மேல் மிதந்தபடியே எரியும். அதனால், 1960-களில் அமெரிக்கக் கடற்படை ஃபுளோரின் கலந்த நுரையை உருவாக்கியது. எரிபொருள்மேல் மெல்லிய நீர்ப்படலமாகப் பரவி, சட்டென்று தீயை அமுக்கும். கெட்டிக்காரச் சரக்குதான். ஆனால், ஃபுளோரினும் கார்பனும் சேர்ந்த பிணைப்பு மண்ணில் எளிதில் சிதையாது. தளத்தில் பயிற்சிக்காக ஆண்டுக்கணக்கில் பீய்ச்சிய நுரை, நிலத்தடி நீரோடு நகர்ந்து பண்ணைக்கு வந்துவிட்டது.

இப்போது ஃபுளோரின் இல்லாத நுரை இருக்கிறது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் 2012-லேயே மாறிவிட்டது. அமெரிக்க ராணுவத்துக்கு 2024 அக்டோபர் கெடுவாக இருந்தது. தள்ளிப்போடவும் சட்டத்திலேயே வழி வைத்துக்கொண்டார்கள்.

புதிய நுரை படலமாகப் பரவாது. கெட்டியான குமிழ்ப் போர்வையாகத் தீயை மூடும். போர்வை விலகினால் மறுபடியும் பற்றிக்கொள்ளும். அதனால் சில இடங்களில் கூடுதல் நுரை வேண்டும். காற்றைக் கலந்து பீய்ச்சும் முனை வேண்டும். வீரர்களுக்குப் புதுப் பயிற்சியும் வேண்டும்.

பெரிய தலைவலி பழைய வண்டிதான். டேங்க், குழாய்களின் உள்சுவரில் பழைய ரசாயனம் ஒட்டியிருக்கும். களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரைக் கழுவாமல் பூச்சிமருந்து ஊற்றினால் பயிர் கருகுமே, அந்தக் கதைதான். பலமுறை கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடாமல் பிடித்து வைக்கவும் வேண்டும்.

வைக்கோல் போர் தீப்பிடித்தால் இந்த நுரை எதுவும் தேவையில்லை, தண்ணீரே போதும்.

கெட்டுப்போன கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் ரசாயனம் போகாது. ஆக்டிவேட்டட் கார்பன் வடிகட்டி ஓரளவு பிடித்துக்கொள்ளும். வீட்டுக் குடிநீருக்கு அது சரி. வயலுக்குப் பாய்ச்சும் தண்ணீரை அப்படி வடிகட்ட, எந்தச் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும்?