குறட்டையும் கொலஸ்டிராலும்

மாணவர்களே, காகிதத்தால் செய்த உறிஞ்சுகுழல் ஒன்றின் நடுப்பகுதியை நீரில் சற்று ஊறவிடுங்கள். பிறகு ஒரு முனையை விரலால் பாதி மூடிக்கொண்டு, மறுமுனையில் வாய் வைத்து வேகமாக உறிஞ்சிப் பாருங்கள். ஊறிய இடம் உட்குழிந்து ஒட்டிக்கொள்கிறது அல்லவா? பலமாக உறிஞ்ச உறிஞ்ச, இன்னும் இறுகும். உறிஞ்சுவதை விட்டு மெல்ல ஊதுங்கள், வழி திறந்துவிடும்.

சிலருக்கு உறக்கத்தில் தொண்டையில் நடப்பதும் இதுதான். நாக்கின் பின்னாலுள்ள காற்றுவழிக்கு உறுதியான சுவர் கிடையாது. தசைகளே அதைத் திறந்து வைத்திருக்கின்றன. உறங்கும்போது அவை தளர்கின்றன. குறுகிய வழியில் காற்று புகும்போது மென்தசைகள் அதிர்வதே குறட்டை. வழி அடியோடு அடைபட்டால் குறட்டை நின்றுவிடும். மார்பு ஏறி இறங்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. இரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை ஒரு கணம் விழித்துத் தசைகளை முடுக்கிவிட, பெரும் திணறலோடு மூச்சு திரும்பும். முழுத் தடையும் பாதித் தடையுமாக மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ இப்படி நேர்ந்தால் நோய் கடுமையானது என்பார்கள். நோயாளிக்குக் காலையில் ஒன்றும் நினைவிராது. பகலில் தூங்கி வழிவார். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் குறட்டை திடீரென நின்று, திணறலோடு மறுபடி தொடங்குகிறதா? அதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முன்பு இதற்கு முக்கிய சிகிச்சை, கழுத்தில் மூச்சுக்குழாயில் துளையிடுவது! ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவர் காலின் சல்லிவன், ஊதித் திறக்கும் வழியைக் கையாண்டார். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு, மூக்கில் பொருத்திய முகமூடி வழியே இடைவிடாமல் காற்றைச் செலுத்தினார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். தேவைப்பட்ட அழுத்தம் 10 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்கு மேற்படவில்லை. வளிமண்டல அழுத்தத்தில் இது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான்.

இதற்கும் கொலஸ்டிராலுக்கும் என்ன உறவு? நம் உடலில் கொலஸ்டிராலை ஆக்குவதிலும் அகற்றுவதிலும் பெரும்பங்கு கல்லீரலுக்கு உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் மெலிந்த எலிகளுக்குப் பிராணவாயுவை விட்டுவிட்டுக் குறைத்துப் பார்த்தனர். ஐந்து நாளிலேயே அவற்றின் இரத்தத்தில் கொலஸ்டிரால் ஏறியது. 2005இல் வெளியான முடிவு இது. அப்படியானால் முகமூடி அணிந்தால் கொலஸ்டிரால் இறங்க வேண்டுமே!

மனிதரிடம் இதைச் சோதிப்பது எளிதன்று. மாத்திரை ஆய்வில் பாதிப்பேருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். காற்றுக்குப் போலி ஏது? இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் அதற்கும் ஒரு வழி கண்டனர். அதே இயந்திரம், அதே முகமூடி, அதே இரைச்சல். அழுத்தம் மட்டும் தொண்டையைத் திறக்கப் போதாது. ஒரு மாதம் கழித்து, உண்மையான அழுத்தம் பெற்றவர்களுக்குக் கொலஸ்டிரால் டெசிலிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் குறைந்திருந்தது. ஆனால் போலி அழுத்தம் பெற்றவர்களுக்கும் சற்றுக் குறைந்திருந்தது! இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்றே 2004இல் அவர்கள் எழுதினர். போலிக் குழு இல்லாதிருந்தால் அந்த 11 மில்லிகிராம் முழுவதும் முகமூடியின் கணக்கில் ஏறியிருக்கும். பின்வந்த ஆய்வுகளும் ஒன்றுபோல் பேசவில்லை. குறைவு இருந்தாலும் சிறிதே. ஆகவே முகமூடி வந்துவிட்டதென்று கொலஸ்டிரால் மாத்திரையை எவரும் நிறுத்திவிடலாகாது.

இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் இதய, மூளை இரத்தக்குழாய் நோயாளிகள் 2,717 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2016இல் வெளியாயிற்று. முகமூடி அணிந்தோருக்குப் பகல் தூக்கம் குறைந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே அதை அணிந்தார்கள். மீதி இரவில் முகமூடி தலைமாட்டில் கிடந்தது. தொண்டை பழையபடி மூடித் திறந்துகொண்டிருந்தது.