டி. நடராஜன்: டென்னிஸ் பால் யார்க்கர் பிரிஸ்பேன் வரை போனது எப்படி? 7 ஆட்டங்களோடு நின்றது ஏன்?

ஒரு டெஸ்ட், 2 ஒருநாள் போட்டி, 4 டி20. இந்திய அணிக்காக டி. நடராஜன் ஆடியது மொத்தம் ஏழே ஆட்டங்கள். 2020 டிசம்பர் 2-ல் தொடங்கி 2021 மார்ச் 28-ல் எல்லாம் முடிந்துவிட்டது. நான்கு மாதம்கூட முழுசாக இல்லை. ஆனால் சேலம், நாமக்கல் பக்கம் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கும் எந்த மைதானத்திலும் இன்றைக்கும் முதலில் வரும் பேர் 'நட்டு'தான்.

ஏழு ஆட்டம் ஆடிய ஒருவருக்கு ஏன் இவ்வளவு மரியாதை? இவ்வளவு திறமை இருந்தும் ஏன் ஏழோடு நின்றது? அடுத்து ஒரு நடராஜன் வர வழி இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யார் இந்த நடராஜன்?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி கிராமத்தில் 1991-ல் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். அப்பா சேலை நெசவுக் கூடத்தில் தினக்கூலி. அம்மா சாலையோரத்தில் சிக்கன் கடை நடத்தினார். தறிச் சத்தம் கேட்கும் ஊர். வாரக்கூலி வந்தால்தான் அடுப்பு எரியும் வீடுகள். கிரிக்கெட் கிட், அகாடமி ஃபீஸ், கோச் என்பதெல்லாம் அங்கே நினைத்துப் பார்க்க முடியாத செலவு.

ஆனால் டென்னிஸ் பாலுக்கு அதெல்லாம் தேவையில்லை. ஒரு பந்து, ஒரு மட்டை, அறுவடை முடிந்த ஒரு காலி நிலம் போதும். நடராஜனும் அப்படித்தான் ஆடினார். 20 வயது வரைக்கும் அவர் கையில் இருந்தது டென்னிஸ் பால் மட்டுமே. நகரத்துப் பையன்கள் 10, 12 வயதிலேயே தோல் பந்தைத் தொட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் நடராஜன் எட்டு, பத்து வருஷம் லேட்.

டென்னிஸ் பாலில் ஏன் யார்க்கர்?

இதுதான் கதையின் மையம். தோல் பந்தின் எடை சுமார் 156 முதல் 163 கிராம். சாதாரண டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் கீழே. அதில் தையல் கிடையாது. அதனால் பிட்ச்சில் பட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாது. ஷார்ட்டாகப் போட்டால் மெதுவாக எழும்பி பேட்ஸ்மேனுக்குத் தோதாக வந்து நிற்கும். ஊர் மைதானத்தில் பவுண்டரி வேறு கைக்கெட்டும் தூரம். ஓங்கி ஒரு அடி, பந்து பக்கத்துச் சோளக்காட்டில்!

ஆக, அடி வாங்காமல் தப்பிக்க பவுலருக்கு இருப்பது ஒரே வழி: பேட்ஸ்மேனின் காலடியில் பந்தை இறக்குவது. அதுதான் யார்க்கர். பேட்ஸ்மேன் நிற்கும் கிரீஸ் கோடு ஸ்டம்பிலிருந்து நான்கு அடி முன்னால் இருக்கும். அந்தக் கோட்டை ஒட்டிப் பந்து விழ வேண்டும். ஒரு முழம் முன்னால் விழுந்தால் அடிக்க வாகான பந்து. விழவே இல்லை என்றால் ஃபுல் டாஸ். இரண்டுக்கும் தண்டனை சிக்ஸர்தான். பிழைக்க இடம் அவ்வளவு கம்மி.

நாள் முழுக்க, வருஷக்கணக்காக அந்தக் கோட்டையே குறிபார்த்துப் பழகினால் என்ன ஆகும்? பந்து மாறினாலும் குறி மாறாது. இலங்கையின் காலி பக்கத்துக் கடலோரத்தில் டென்னிஸ் பந்தில் பழகிய லசித் மலிங்காவின் கதையும் இதேதான். நடராஜனுக்குக் கூடுதல் வசதி, அவர் இடது கை வேகப்பந்து வீச்சாளர். வலது கை பேட்ஸ்மேனுக்குப் பந்து குறுக்குக் கோணத்தில் வந்து காலுக்கடியில் இறங்கும்போது மட்டையை நேரத்துக்குக் கீழே கொண்டுவருவது கஷ்டம்.

சின்னப்பம்பட்டியிலிருந்து சென்னைக்கு அழைத்துப் போனது யார்?

ஒரே ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ். நடராஜனுக்கு அண்ணன் மாதிரி. பையனிடம் ஏதோ இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவரும், செலவையும் பார்த்துக்கொண்டு சென்னை லீக் கிரிக்கெட்டுக்குக் கூட்டிப் போனவரும் அவர்தான். நடராஜனின் ஜெர்சி முதுகில் 'ஜேபி நட்டு' என்று எழுதியிருந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஜேபி இவர்தான்.

சென்னையில் தொடக்கம் நான்காவது டிவிஷன், பிஎஸ்என்எல் அணி. பிறகு விஜய் கிரிக்கெட் கிளப். அங்கிருந்து முதல் டிவிஷனில் ஜாலி ரோவர்ஸ். 2015 ஜனவரியில் வங்காள அணிக்கு எதிராகத் தமிழ்நாட்டின் ரஞ்சி அணியில் அறிமுகம். தோல் பந்தைத் தொட்ட நாலைந்து வருஷத்தில் ரஞ்சி என்பது சாதாரண வேகம் இல்லை.

முதல் அடி எங்கே விழுந்தது?

அந்த முதல் ஆட்டத்திலேயே. அவருடைய பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் போனது. விதிப்படி, பந்தை வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் அது எறிதல், பந்துவீச்சு ஆகாது. சின்ன வயதிலிருந்தே கோச்சிடம் பழகியவருக்கு இந்தக் குறையை யாராவது ஆரம்பத்திலேயே திருத்தியிருப்பார்கள். ஊர் மைதானத்தில் அதை யார் பார்ப்பார்கள்? விக்கெட் விழுந்தால் கைதட்டு, அவ்வளவுதான்.

பல பவுலர்களின் வாழ்க்கை இந்த இடத்திலேயே முடிந்துபோயிருக்கிறது. நடராஜன் சுமார் ஒரு வருஷம் ஒதுங்கியிருந்து கையசைவை மாற்றிக்கொண்டார். தமிழ்நாட்டின் முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சுனில் சுப்பிரமணியம் உள்ளிட்டவர்கள் உதவினார்கள். வருஷக்கணக்கில் உடம்பில் ஊறிப்போன ஒரு அசைவை 24, 25 வயதில் பிரித்துப்போட்டு மறுபடி கட்டுவது, குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தை மாற்றுவது போன்ற வேலை. அதையும் செய்து, யார்க்கரையும் கைவிடாமல் திரும்பி வந்தார்.

3 கோடியிலிருந்து 40 லட்சம்

2016-ல் டிஎன்பிஎல் தொடங்கியது. திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக நடராஜன் ஒரு சூப்பர் ஓவரில் அடுத்தடுத்து யார்க்கராக இறக்கினார். ஐபிஎல் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரை கிங்ஸ் லெவன் பஞ்சாப் 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. குடும்பத்துக்கு வீடு, தங்கைகளின் படிப்பு என்று பல கவலைகளுக்கு அந்தப் பணம் வழிகாட்டியது.

ஆனால் ஆட்டம்? 6 போட்டிகளில் 2 விக்கெட். அடுத்த வருஷ ஏலத்தில் சன்ரைசர்ஸ் ஐதராபாத் அவரை எடுத்தது 40 லட்சத்துக்கு. 2018, 2019 இரண்டு சீசனிலும் ஒரு மேட்ச்கூட தரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடி வலைப்பயிற்சியில் மட்டும் வீசினார். அங்கே பவுலிங் கோச்சாக இருந்தவர் முத்தையா முரளிதரன். தமிழிலேயே பேசிக் கற்றுக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தது பெரிய விஷயம்.

2020-ல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஐபிஎல்லில் 16 ஆட்டம், 16 விக்கெட். எலிமினேட்டரில் ஏ.பி. டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த அந்த யார்க்கரை யாரும் மறக்க மாட்டார்கள்.

நெட் பவுலராகப் போனவர் எப்படி இந்திய அணியில் ஆடினார்?

அந்த ஐபிஎல் முடிந்ததும் இந்திய அணி ஆஸ்திரேலியா கிளம்பியது. நடராஜன் முதலில் நெட் பவுலர்தான். அதாவது வலைப்பயிற்சியில் நம் பேட்ஸ்மேன்களுக்குப் பந்து போடுவது மட்டுமே வேலை. அணிப் பட்டியலில் பேர் இருக்காது. பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. வருண் சக்கரவர்த்திக்குத் தோள்பட்டைக் காயம். டி20 அணியில் இடம். நவ்தீப் சைனிக்கு முதுகுவலி. ஒருநாள் அணியில் இடம். உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்காலில் காயம். டெஸ்ட் அணியில் இடம்.

2020 டிசம்பர் 2, கான்பெராவில் முதல் ஒருநாள் போட்டி; முதல் விக்கெட் மார்னஸ் லபுஷேன். இரண்டு நாள் கழித்து அதே மைதானத்தில் முதல் டி20. 30 ரன் கொடுத்து 3 விக்கெட். இந்தியா 2-1 என வென்ற அந்த டி20 தொடரில் 6 விக்கெட். தொடர் நாயகன் விருது வாங்கிய ஹர்திக் பாண்டியா, அது நடராஜனுக்குப் போயிருக்க வேண்டியது என்று சொல்லிக் கோப்பையை அவர் கையிலேயே கொடுத்தார்.

2021 ஜனவரி 15, பிரிஸ்பேன். பும்ரா, ஷமி, அஸ்வின், ஜடேஜா என்று வரிசையாகக் காயம். இந்தியாவின் 300-வது டெஸ்ட் வீரராக நடராஜன் தொப்பி வாங்கினார். அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்குப் பந்து வீசிய முக்கிய ஐந்து பேரும் சேர்ந்து அதற்கு முன் ஆடியிருந்தது நான்கே டெஸ்ட். சைனியும் நடுவில் காயம்பட்டு ஒதுங்க, நடராஜன் முதல் இன்னிங்ஸில் 24 ஓவருக்கு மேல் வீசி 3 விக்கெட் எடுத்தார். 1988-க்குப் பிறகு காபா மைதானத்தில் ஆஸ்திரேலியா டெஸ்ட்டில் தோற்றது அப்போதுதான்.

ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெருமையும் சேர்ந்தது. இதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. ஐபிஎல் பிளேஆஃப் நேரத்தில் பிறந்த மகளின் முகத்தை அவர் நேரில் பார்த்தது ஜனவரியில் ஊர் திரும்பிய பிறகுதான். சின்னப்பம்பட்டி அவரைச் சாரட்டு வண்டியில் ஏற்றி, மேளதாளத்தோடு அழைத்துப் போனது.

அப்புறம் ஏன் நின்றது?

2021 மார்ச் 28, புனே. இங்கிலாந்து ஜெயிக்கக் கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும். எதிரே அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த சாம் கரன். பந்து நடராஜன் கையில். யார்க்கர்களாக இறக்கி 6 ரன் மட்டும் கொடுத்தார். இந்தியா 7 ரன்னில் வெற்றி, தொடரும் நமக்கே. நடராஜன் இந்தியாவுக்காக ஆடிய கடைசி ஆட்டம் அதுதான்!

அடுத்த மாதமே முழங்காலில் அறுவை சிகிச்சை. செப்டம்பரில் ஐபிஎல் மறுபடி தொடங்கும்போது கொரோனா. அவர் மீண்டு வருவதற்குள் 2022 ஜூலையில் அர்ஷ்தீப் சிங் வந்துவிட்டார். அவரும் இடது கை, அவரும் கடைசி ஓவர் ஸ்பெஷலிஸ்ட், எட்டு வயது இளையவர். காயத்தால் திறந்த கதவு, காயத்தாலேயே மூடியது.

ஆனால் ஆட்டம் போய்விடவில்லை. 2022 ஐபிஎல்லில் 18 விக்கெட். 2024-ல் சன்ரைசர்ஸ் இறுதிப்போட்டி வரை போனபோது 19 விக்கெட். டெல்லிக்கு எதிராக 19 ரன் மட்டும் கொடுத்து 4 விக்கெட். அதே டெல்லி கேப்பிடல்ஸ் அடுத்த ஏலத்தில் 10.75 கோடி ரூபாய் கொடுத்து அவரை வாங்கியது. அந்த 2025 சீசனில் அவர் ஆடியது 2 ஆட்டங்கள்தான்.

அடுத்த நடராஜன் வருவாரா?

அவருடைய பயணத்தைத் திரும்பப் பாருங்கள். ஒரு ஜெயப்பிரகாஷ் கண்ணில் படாமல் போயிருந்தால்? பந்துவீச்சு முறையைத் திருத்த ஆள் கிடைக்காமல் இருந்திருந்தால்? மூன்று பேருக்குக் காயம் ஆகாமல் இருந்திருந்தால்? திறமை அவருடையது. ஆனால் அது மேலே வர வரிசையாக நல்ல நேரம் தேவைப்பட்டது. எல்லாப் பையனுக்கும் அப்படி அமையாது.

இந்தச் சிக்கலுக்கு நடராஜனே ஒரு பதில் வைத்திருக்கிறார். சின்னப்பம்பட்டியில் அவர் கட்டிய 'நடராஜன் கிரிக்கெட் கிரவுண்ட்' 2023 ஜூனில் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் தினேஷ் கார்த்திக். மைதானத்துக்குள் நான்கு பிட்ச், பயிற்சிக்கு இரண்டு, ஜிம், கேன்டீன், சின்ன கேலரி. அதே மாவட்டத்தில் வாழப்பாடி பக்கம் 2020 பிப்ரவரியில் திறந்த இன்னொரு மைதானத்தில் டிஎன்பிஎல் ஆட்டங்களும் நடந்திருக்கின்றன.

பலன் வரத் தொடங்கிவிட்டது. நடராஜனின் வழியில் வந்த அதே ஊர்க்காரர் பெரியசாமி, 2019 டிஎன்பிஎல் இறுதிப்போட்டியில் 5 விக்கெட் எடுத்து அசத்தினார். இப்போது சின்னப்பம்பட்டியில் ஒரு பையன் தோல் பந்தைத் தொட 20 வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. கை தப்பாகப் போனால் அங்கேயே திருத்தச் சொல்ல ஆள் உண்டு. சென்னைக்குப் பஸ் ஏறுவதற்கு முன்பே பாதி தூரம் கடந்திருப்பான்.

ரெக்கார்டு புக்கில் நடராஜன் பெயருக்கு எதிரே இருப்பது 7 ஆட்டம், 13 விக்கெட். அந்த மைதானத்திலிருந்து யார் யார் வரப்போகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அவருடைய கணக்கை முடிக்க முடியும்.